முகத்தைத் தேடிக் கொல்லிமலைக்கு

சேந்தமங்கலத்தில் பிடித்த பேருந்து காரவள்ளியைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் நடத்துநர் எங்களிடம் வந்து, "எந்த நாடுங்க?" என்று கேட்டார்.

"மலேசியா" என்றேன்.

முன் இருக்கையில் கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த பெண் முதலில் சிரித்தார். பிறகு பேருந்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். நடத்துநர் மட்டும் சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். பைல் நாடு, பெரக்கரை நாடு என்று மலை முழுக்க நாடுகள்தான். நாங்கள் போக வேண்டியது பைல் நாடு. சோளக்காட்டில் இறங்கி வேறு வண்டி பிடிக்கச் சொன்னார். இதற்குப் பாஸ்போர்ட் வேண்டாமா என்று என் மனைவி என் காதில் கேட்டாள். அவள் விளையாட்டாகப் பேசிக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

எங்கள் ஊர் தைப்பிங். மலேசியாவில் மழைக்குப் பேர்போன ஊர். நான் அங்கே டயர் கடை வைத்திருந்தேன். இப்போது கடை தம்பி மகன் கையில். மனைவி தனலெட்சுமி பாலர் பள்ளி ஆசிரியை. தனம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில், வகுப்பில் அவளால் வண்ணப் பென்சிலைப் பிடிக்க முடியவில்லை. விரல் மூட்டுகள் வீங்கிக் கிடந்தன. அடுத்து மணிக்கட்டு, அடுத்து முழங்கால். முடக்குவாதம் என்றார் டாக்டர். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே அடிக்கிறது என்று விளக்கினார். எங்கள் மகள் கவிதாவுக்குத் தைராய்டு கோளாறு. அதுவும் இதே வகைதானாம். அம்மாவுக்கு மூட்டில், மகளுக்குக் கழுத்தில்.

மாத்திரைகள் கொடுத்தார்கள். அதில் ஒன்று ஸ்டீராய்டு. சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை. அதைப் போட்ட பிறகுதான் தனம் மறுபடி எழுந்து நடந்தாள். ஆனால் அது கூடவே ஒரு வேலை செய்தது. ஒல்லியான முகம் அவளுக்கு. கன்ன எலும்பு தெரியும். அந்த முகம் மெதுவாக உப்பி, உருண்டு, கண்கள் சிறுத்துப்போயின. கல்யாண வீடுகளில் தெரிந்தவர்களே ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் பேசினார்கள். தனம் கல்யாணங்களுக்கு வருவதை நிறுத்தினாள். யாராவது கைப்பேசியை உயர்த்தினால் சமையலறைக்குள் போய்விடுவாள்.

விரல்கள் மடங்காததால் அவளுக்குத் தலை பின்னிவிடுவது என் வேலையாயிற்று. லாரி டயர் கழற்றிப் பழகிய கைகள். முதல் வாரங்களில் நான் பின்னிய பின்னல் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். போகப் போகக் கை வந்தது.

கொல்லிமலையில் மூலிகையும் சிறுதானியமும் கொடுத்து மூட்டு நோய்களைப் பார்க்கிற ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று மலேசியாவிலேயே சுங்கை பட்டாணியில் இருக்கும் உறவுப் பெண் ஒருத்தி சொன்னாள். தனம் அதையே பிடித்துக்கொண்டாள். கைப்பேசியில் இயற்கை மருத்துவம் பேசுகிறவர்களின் வீடியோக்களாகப் பார்த்தாள். உங்களுக்குச் சரியானால் நானும் வருகிறேன் என்று கவிதாவும் சொல்லிவிட்டாள். கிளம்பிவிட்டோம்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே திரும்பினார். எங்கள் கேமரன் மலைப் பாதை இதற்கு முன்னால் நேர்க்கோடு. நான் ஏறும் முன்பே டயர்களைப் பார்த்துவிட்டேன், வரிகள் ஆழமாக இருந்தன, அதனால் பயப்படவில்லை. பாதி மலையில் வண்டி நின்றது. மேலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஓட்டுநர் இறங்கிப் போய் அந்த ஓட்டுநருக்குக் கைகாட்டி, ஒவ்வோர் அடியாக எடுக்கவைத்தார். யாரும் கத்தவில்லை. கோழிக்கூடைப் பெண் தனத்தின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து ஓர் எலுமிச்சம்பழத்தைக் கிள்ளிக் கையில் வைத்து, மோந்துகிட்டே வாங்க என்றார்.

சோளக்காட்டில் சாரல். ஆனி மாதத்தில் போர்வை தேடுகிற குளிர். சாலையோரம் முழுக்கப் பலாப்பழம், மலைவாழைத் தார், அன்னாசி, சாக்குகளில் மிளகு. தனத்தைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டுத் திரும்பினால், துணிப்பெட்டியோடு பேருந்து போய்விட்டது. அங்கே இருந்த பழக்கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. பேருந்து கடைசி ஊருக்குப் போய்விட்டு இந்த வழியாகத்தான் திரும்பும், பெட்டி எங்கேயும் போகாது என்றார். தனத்தை ஆட்டோவில் முன்னால் அனுப்பிவிட்டு, நான் ஒரு பலாப்பழக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். பெட்டி வந்தது. இருக்கையில் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

அதனால்தான் வைத்தியர் தனத்தை முதன்முதலாகப் பார்த்தபோது நான் பக்கத்தில் இல்லை.

வைத்தியர் மாதேஸ்வரன் ஐம்பதைத் தொடாத மனிதர். முறைப்படி சித்த மருத்துவம் படித்துவிட்டு, சொந்த ஊரிலேயே காபித் தோட்டத்துக்கு நடுவில் நாலைந்து ஓட்டு அறைகள் கட்டி வைத்திருந்தார். மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. ஆரவாரமில்லாத ஆள். மற்ற மருந்துகள் என்னென்ன எடுக்கிறீர்கள் என்று தனத்திடம் கேட்டிருக்கிறார். எல்லாம் நிறுத்தி ஒரு வருடமாகிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அங்கே சமையல் பழனியம்மா. தனத்தைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். அடுத்த மேட்டில் அவருக்குக் கொஞ்சம் நிலம், குச்சிக்கிழங்கும் சாமையும் போட்டிருந்தார். குச்சிக்கிழங்கு என்று அவர் சொன்னதைப் பார்த்தால் எங்கள் ஊர் மரவள்ளி. முதல் நாள் காலையிலேயே ஒரு விநோதமான பொருளைக் கொண்டுவந்து தனத்தின் மடியில் போட்டார். பழுப்பு ரோமம் மூடிய, ஆட்டுக்கால் போலவே இருந்த ஒன்று. தனம் பதறிவிட்டாள். பாறையில் ஒட்டி வளர்கிற கிழங்காம். முடவாட்டுக்கால் கிழங்கு. ரோமத்தைச் சுரண்டி, நறுக்கித் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்கவிட்டால் சூப். குடித்துப் பார்த்தேன். தைப்பிங்கில் மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் விற்கிற ஆட்டுச் சூப்பின் மணம் அப்படியே இருந்தது. ஆடு மட்டும்தான் இல்லை.

சாப்பாடு எளிமையானது. காலையில் கேழ்வரகுக் கூழ். மதியம் சாமைச் சோறு, பருப்பு, ஏதாவது கீரை. சாயங்காலம் அவித்த கிழங்கு. சர்க்கரை கிடையாது, பால் டீ கிடையாது. தே தாரிக் என்கிற நுரை பொங்க ஆற்றிய பால் டீ இல்லாமல் நாளைத் தொடங்கியறியாத நான், நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுச் சாலைக்குப் போய் டீயும் போண்டாவும் சாப்பிட்டு வருவேன். பழனியம்மாவுக்குத் தெரியும். என் மீசையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவார்.

காலை வெயிலில் தனம் காபிச் செடிகளுக்கு நடுவே நடந்தாள். வைத்தியர் தைலத்தைச் சூடாக்கி அவள் விரல்களுக்கு ஒத்தடம் கொடுக்கவைத்தார். சீக்கிரம் படுத்தாள். கைப்பேசிக்கு அங்கே சமிக்ஞை அரைகுறைதான், அதுவும் நல்லதாகப் போயிற்று. இரண்டாம் நாள் காலையில் நான் சீப்பை எடுத்துக்கொண்டு போனபோது அவள் தலையை வாரி, தானே கொண்டை போட்டிருந்தாள். கோணலான கொண்டை. கையை மடக்கி எனக்கு முன்னால் நீட்டிக் காட்டினாள். விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. நான் சீப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கொண்டை நன்றாக இருக்கிறது என்றேன்.

அன்று முழுக்க அவள் ஜன்னல் கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தடவை நின்றாள். முகம் வற்றின மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

மூன்றாம் நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றாள். வைத்தியர் நாடி பார்த்தார், முகம் சுருங்கியது. தான் கொடுத்த எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு, உப்புப் போட்ட கஞ்சி மட்டும் கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் இல்லை, வயிற்றுக் கோளாறும் தெரியவில்லை, இப்படி வரக் காரணம் புரியவில்லை, நாளைக்குள் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார். தனம் ஒப்புக்கொள்ளவில்லை. உடம்பிலிருந்து கழிவு வெளியேறும்போது முதல் வாரம் இப்படித்தான் இருக்கும், வீடியோவில் சொன்னார்கள் என்றாள். தான் அப்படி எங்கும் சொன்னதில்லை என்றார் வைத்தியர்.

மறுநாள் காலையில் கொஞ்சம் பரவாயில்லை போலிருந்தது. பழனியம்மா வாழைத்தார் விற்கச் சோளக்காடு சந்தைக்குக் கிளம்பினார். தனம் தானும் வருகிறேன் என்றாள். அறையில் படுத்திருந்தால் நோயாளி மாதிரி இருக்கிறதாம். அப்படியே ஆஸ்பத்திரியிலும் காட்டிவிடலாம் என்ற எண்ணத்தில் நான் சரி என்றேன்.

சந்தை நல்ல நெரிசல். தார்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அடிவாரத்திலிருந்து வந்த வியாபாரிகள் மிளகைக் கையில் அள்ளி, ஊதி, மோந்து பார்த்தார்கள். தனம் ஒரு பெண்ணிடம் மிளகின் விலை கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிக் கேள்வியில் நிறுத்தி என் தோளைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று நனைந்திருந்தது. அப்படியே வாழைச்சருகின் மேல் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். கூப்பிட்டேன், கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

பழனியம்மா தார்களை அப்படியே போட்டுவிட்டு வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். தனத்தின் கன்னத்தைத் தட்டி, "கண்ணு, இங்க பாரு கண்ணு, என்னையப் பாரு சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் இன்னொரு நாட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருப்பதாக யாரோ போனில் கேட்டுச் சொன்னார்கள். அப்போது ஒரு மிளகு வியாபாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ராசிபுரத்துக்காரர், கரீம் பாய் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவருடைய சின்ன யானை வண்டியில் பலாப்பழம் ஏற்றி முடித்துக் கயிறு கட்டும் நேரம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை அறுத்தார். அவரும் நானும் முகம் தெரியாத சில பேரும் பழங்களை இறக்கினோம். ஒரு பழம் உருண்டு சாலையில் பிளந்து, அந்த இடமே மணத்தது. மிளகு மூட்டைகளை மட்டும் விட்டு, அவற்றின்மேல் போர்வை விரித்துத் தனத்தைக் கிடத்தினோம்.

ஆஸ்பத்திரி இருக்கிற செம்மேட்டுக்குப் போகிற பாதை மேடும் பள்ளமும். பழனியம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாரலுக்குப் பழனியம்மா தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு குலுக்கலில் தனம் கண்ணைத் திறந்தாள். இந்த முறை என்னைப் பார்த்தாள்.

"மாத்திரைய நிறுத்திட்டேன்."

"எதை?"

"அந்த வெள்ள மாத்திரைய. இங்க வந்த அன்னைக்கே."

ஏன் என்று கேட்டேன்.

"என் மொகத்தப் பாக்கணும்னு இருந்துச்சுங்க. ஒரே ஒரு தடவ."

வண்டிச் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது. பழனியம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் வேறு பக்கம் திரும்பி, முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த பாயிடம் வேகமாகப் போகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் எங்கள் கவிதாவின் வயதுப் பெண். ரத்த அழுத்தம் பார்த்தவுடன் நர்ஸைக் கூப்பிட்டார். நான் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். எத்தனை வருடமாக எடுக்கிறார், எவ்வளவு அளவு என்று இரண்டே கேள்விகள். உடனே ஊசி போட்டார்கள், உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கரீம் பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பழமெல்லாம் சாலையில் கிடக்கிறதே, நீங்கள் போங்கள் என்றேன். சனங்க பாத்துக்குவாங்க என்று சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. என்ன நோய் என்று அவரும் கேட்கவில்லை, தைப்பிங்கில் மழை எப்படி என்று கேட்டார். நான் மழையைப் பற்றிப் பேசினேன். பேசிக்கொண்டே இருந்தேன். இப்போது நினைத்தால், அதற்காகத்தான் கேட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். தனத்தின் உதடுகளில் நிறம் திரும்பியிருந்தது. டாக்டர் எனக்குச் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். நம் உடம்பே தினமும் கொஞ்சம் ஸ்டீராய்டு சுரக்கும். வருடக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்தால், அந்தச் சுரப்பி நமக்கு இங்கே வேலையில்லை என்று தூங்கிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் இரண்டும் இருக்காது. அழுத்தம் இறங்கும், உயிருக்கே ஆபத்தாகும். தாமதமாக வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், தனத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தனத்திடம் பேசினார்.

"கிழங்கு சூப் குடிங்கம்மா, நானும் இங்க குடிக்கறனுங்க. சாமை சாப்புடுங்க, நடங்க, நல்லாத் தூங்குங்க. எல்லாமே ஒடம்புக்கு நல்லதுங்க. ஆனா இந்த மாத்திரைய நீங்களா நிறுத்தவே கூடாது. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. கொறைக்க முடிஞ்சா, சிறுகச் சிறுகக் கொறைப்பாங்க. தூங்கற சுரப்பி எந்திரிக்க நேரம் வேணுமில்லீங்களா?"

தனம் அழுதாள். டாக்டர் எழுந்து போகாமல் அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

பிரசவத்துக்குப் போன ஆம்புலன்ஸ் வந்ததும், கவனமாகப் பார்த்துக்கொள்ள நாமக்கல்லுக்கு அனுப்பினார்கள். அதே வளைவுகள், இப்போது இறக்கம். அங்கே ஆஸ்பத்திரியில் அவள் மெதுவாகத் தேறினாள். இட்லி கேட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் வீட்டிலிருந்து வந்த தக்காளிச் சட்னியைப் பங்கு போட்டார். கவிதா போனில் அழுதாள், பிறகு கோபித்தாள், பிறகு தானும் தைராய்டு மாத்திரையைச் சில வாரங்களாகப் போடவில்லை என்று ஒப்புக்கொண்டாள். அவளும் ஏதோ பொடி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். தனம் படுத்தபடியே போனை வாங்கி, நாளைக் காலையில் மாத்திரை போட்டுவிட்டு எனக்குப் போன் செய் என்றாள். பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுகிற குரல். அந்தக் குரல் திரும்பி வந்ததைக் கேட்ட பிறகுதான் நான் டீ குடிக்க வெளியே போனேன்.

இனி நேரே ஊருக்கு என்று நான் நினைத்திருந்தேன். தனம் மலைக்குத் திரும்ப வேண்டும் என்றாள். பெட்டி அங்கே இருக்கிறது என்றாள். பெட்டிக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். மாத்திரையைத் தவறவிடாமல் போடுவதாக இருந்தால் போகலாம் என்று டாக்டர்களும் சொன்னார்கள். மறுபடியும் பேருந்து. இந்த முறை யாரும் எந்த நாடு என்று கேட்கவில்லை.

வைத்தியர் வாசலில் நின்றிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது வேறு. தூங்காத முகம்.

"ஏனுங்கம்மா எங்கிட்ட மறைச்சீங்க? தெரிஞ்சிருந்தா வந்த அன்னைக்கே போடச் சொல்லியிருப்பனே."

தனம் மன்னிப்புக் கேட்டாள். மாத்திரை எடுப்பது தெரிந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன் என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். இங்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மாத்திரையோடுதான் வருகிறார்கள் என்றார். தைப்பிங்கில் இருக்கும் எங்கள் டாக்டரைக் கேட்காமல் இனி மூலிகை எதையும் உள்ளுக்குக் கொடுப்பதாக இல்லை, சாப்பாடு, நடை, ஒத்தடம், தூக்கம் இவை போதும் என்றார். கிழங்கு சூப் மட்டும் தனத்தின் வேண்டுகோளின் பேரில் தொடர்ந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் தனம் சமையல்கட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். இப்போதெல்லாம் அவளைத் தனியே விட மனம் வரவில்லை. பழனியம்மா அடுப்பு மூட்டும் முன்பு, அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தைராய்டு மாத்திரை. வருடக்கணக்காகப் போடுகிறாராம், மலை ஆஸ்பத்திரியில் கொடுப்பது. அதைப் போட்டு அரை மணி நேரம் காபிகூடக் குடிக்க மாட்டாராம். வைத்தியர் வீட்டிலேயே வேலை பார்த்துக்கொண்டு இங்கிலீஷ் மாத்திரையா என்று தனம் கேட்டாள்.

"அவருதாங்கண்ணு போடச் சொன்னாரு" என்றார் பழனியம்மா. "போடாம இருந்தப்ப அடுப்பு முன்னாடியே ஒக்காந்து தூங்கிப்போயிருவேன். மூஞ்சி காலெல்லாம் ஊதிப்போச்சு. இப்பத்தான் தார் தூக்கிகிட்டு மேடு ஏறுறேன்."

அன்றிலிருந்து கூழ் குடித்து முடித்ததும் பழனியம்மா தனத்தின் எதிரில் வந்து நிற்பார். தனம் மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டி விழுங்குவாள். இருவரும் பிறகு புளியைக் கோதுவார்கள், கீரை ஆய்வார்கள். மலைப் பேச்சும் மலேசியப் பேச்சுமாக அவர்கள் பேசிக்கொள்வது எனக்கு அறைவரை கேட்கும். ஒரு நாள் தனம் தன் முகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் இதை நிலா முகம் என்பார்கள் என்றாள். பழனியம்மாவுக்கு அதில் என்ன குறை என்று புரியவில்லை. நெலா மாதிரி மொகம்னு இங்க பொண்ணு பாக்க வர்றவங்கதான் சொல்லுவாங்க என்றார். தனம் நெடுநேரம் சிரித்தாள். அது வலிக்காமல் சிரித்த சிரிப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சிரித்தாள்.

மூட்டு வலி அங்கே மாயமாகவில்லை. ஈரமான காலைகளில் விரல் வீங்கத்தான் செய்தது. சில நாள் கொண்டை அவளே போட்டாள், சில நாள் நான் பின்னினேன். ஆனால் நன்றாகத் தூங்கினாள். காபித் தோட்டத்தின் மேல் எல்லைவரை நடந்து, அங்கிருந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் இப்படித் தூங்கியும் நடந்தும் வெகு காலமாகியிருந்தது.

கிளம்பும் நாளில் சோளக்காட்டில் பேருந்துக்குக் காத்திருந்தோம். சந்தை இல்லாத நாள். இருந்தும் பழக்கடைக்காரர்கள் தனத்தை அடையாளம் கண்டு, எப்படீங்க இருக்குது இப்ப என்று வந்து வந்து விசாரித்தார்கள். கரீம் பாயைப் பார்த்து நன்றி சொல்ல நினைத்தோம். அவர் அடுத்த சந்தைக்குத்தான் வருவாராம். அன்று இறக்கிய பழங்களைச் சந்தைக்காரர்களே மழைக்கு மூடி வைத்திருந்து, சாயங்காலம் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

சாரல் விட்டு மலைமேல் மெல்லிய வெயில் வந்தது. தனம் சிமெண்டுத் திண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்னு கேட்டா நெஜத்தச் சொல்வீங்களா?"

"கேளு."

"என் பழைய மொகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்ட விதத்தில் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்திருந்தவளை நினைத்தேன். கவிதாவைப் பெற்றுக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவளை நினைத்தேன். புடவை நினைவிருந்தது, அன்று பெய்த மழை நினைவிருந்தது. முகம் மட்டும் ஒவ்வொன்றிலும் இப்போதைய முகமாகவே வந்தது.

"தேடிப் பார்த்தேன் தனம்" என்றேன். "வரமாட்டேங்குது. எங்க பார்த்தாலும் இந்த மொகம்தான் இருக்கு. கல்யாண மேடையிலயும் நீ இப்படியேதான் ஒக்காந்திருக்க."

பேருந்து வளைவில் ஒலியெழுப்பிக்கொண்டு வந்து நின்றது. நான் பெட்டியைத் தூக்கினேன். தனம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் கையை எதிர்பாராமல் முதலில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்து எனக்காகப் பிடித்து வைத்திருந்தாள்.

ஊர் திரும்பி மாதங்கள் ஆகிவிட்டன. தைப்பிங்கில் எங்கள் டாக்டர் நடந்ததையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு ரத்தம் பரிசோதித்து, மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, ஸ்டீராய்டை மிக மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். முழுக்க நிறுத்த முடியுமா என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாமை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. தினை கேட்டால் பறவைத் தீனி விற்கிற கடையைக் காட்டுகிறார்கள். பினாங்கில் இருக்கும் கவிதா வாங்கி வருகிறாள். காலையில் தாயும் மகளும் போனில் பேசிக்கொண்டு அவரவர் மாத்திரையைப் போடுகிறார்கள். பிறகு நாங்கள் ஏரிப் பூங்காவைச் சுற்றி நடக்கிறோம். சுற்று முடிக்க வெகு நேரமாகும், எங்களுக்கு அவசரமில்லை.

போன வாரம் வந்திருந்தபோது, அம்மாவின் முகம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, கன்ன எலும்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது என்று கவிதா சொன்னாள். தனம் கண்ணாடி முன் போய் நின்று, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆமாம் போலத்தான் இருக்கிறது என்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.